சேர்க்கை சரியில்லை: ஒரு வாக்கியத்தின் அரசியல்

பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கிற நெமிலிச்சேரியில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒருவன் பொட்டலத்தோடு பிடிபட்டான் என்று செய்தி பரவியதும் இரண்டு வாக்கியங்கள் புறப்பட்டு வரும். ஒன்று, "சேர்க்கை சரியில்ல." இன்னொன்று, "வளர்ப்பு சரியில்ல." முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பையனின் வீட்டார். இரண்டாவதைச் சொல்பவர்கள் மற்ற எல்லோரும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் போனாலும் இதே இரண்டுதான். நாளிதழில் மனநல மருத்துவர் எழுதுகிற பத்தி, விழிப்புணர்வு ஊர்வலத்தில் அதிகாரி ஆற்றுகிற உரை, ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிற புத்திமதி எல்லாமே இவற்றுக்கு எழுதப்பட்ட விரிவுரைகள். போதையைப் பற்றி நம்மிடம் ஏராளமான பேச்சு இருப்பதாகத் தோன்றுகிறது. சுண்டக் காய்ச்சினால் இந்த இரண்டு வாக்கியங்கள்தாம் மிஞ்சும்.

இவ்விரண்டையும் ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்பதே என் உத்தேசம். பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் பிள்ளையின் நடத்தையில் பங்கே கிடையாது என்று நிறுவ நான் வரவில்லை. அப்படிச் சொல்பவன் பிள்ளைகளைப் பார்த்திராதவன். பங்கு உண்டு. அந்தப் பங்கை யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று சொல்கிறார்கள், சொல்லும்போது வேறு யாரைக் காணாமலடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

முதலில் இலக்கணம். 'சேர்க்கை சரியில்லை' என்பதில் எழுவாய் ஒரு தொழிற்பெயர். சேர்ந்தவன் யார், சேர்த்தவன் யார் என்பது வாக்கியத்துக்குள் இல்லை. மேம்பாலத்துக்குக் கீழே நான்கு பையன்கள் பிடிபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீட்டிலும் போய்க் கேளுங்கள். "எம் புள்ள நல்லவன் சார், அவனுங்ககூட சேந்துதான் இப்படி ஆனான்" என்று நான்கு அம்மாக்களும் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்கு உதைக்கிறது. எந்த வீட்டில் கேட்டாலும் கெட்டவன் ஒருவன், கெடுத்தவர்கள் மூவர். அந்த ஒருவன் மட்டும் வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கிறான். கடைசியில், கெடுத்தவனே இல்லாத ஒரு கெடுதல் நம் கையில் மிஞ்சுகிறது. ஒரு விளக்கம் எல்லோருக்கும் பொருந்தி, யாரையும் சுட்டாமல் இருக்குமானால் அதை விளக்கம் என்று எப்படிச் சொல்வது?

2

சேர், சேர்க்கை, சேரி. மூன்றும் ஒரே வேர். நான் வசிக்கிற ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. (குரோம்பேட்டைப் பக்கம் இன்னொரு நெமிலிச்சேரியும் உண்டு. தபால் அங்கே போய்விட்டுத் திரும்பி வருவது எங்களுக்குப் பழக்கம்.) பலர் சேர்ந்து குடியிருக்கும் இடம் என்பதுதான் சேரிக்குப் பழைய பொருள். பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர் பிராமண ஊரே 12 சேரிகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பிறகு அந்தச் சொல் எந்தத் திசையில் தள்ளப்பட்டது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'சேர்க்கை' என்ற சொல்லும் அதே திசையில்தான் பயணம் செய்கிறது. "அந்தத் தெருப் பசங்களோட சேராத" என்று பிள்ளையிடம் சொல்லும்போது அது போதையைப் பற்றிய எச்சரிக்கையாக மட்டும் இருப்பதில்லை. எந்தத் தெரு என்று கேட்டுப் பாருங்கள். போதைக்கு எதிரான அக்கறை, சாதி தன் பழைய எல்லைக் கற்களை மறுபடியும் நட்டுக்கொள்வதற்குக் கிடைத்த கௌரவமான சாக்காகிவிடுகிறது. சாதிப் பெயரைச் சொல்லித் தடுத்தால் இன்றைக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கஞ்சாவின் பெயரைச் சொல்லித் தடுத்தால் பொறுப்பான தகப்பன் என்று பெயர் வரும். கூட்டணியில் இருந்த எல்லாப் பையன்களும் ஒரே பொட்டலத்தைப் பகிர்ந்திருந்தாலும், ஊர்வாயில் 'கெடுத்தவன்' ஆகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது முன்கூட்டியே தீர்மானமாகி இருக்கிறது.

இதற்கு வள்ளுவரைத் துணைக்கு இழுப்பார்கள். பள்ளிச் சுவரெல்லாம் சிற்றினஞ்சேராமைக் குறள்கள். 46ஆம் அதிகாரம் அது. பொருட்பாலில், அரசியல் என்ற இயலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது, யாரோடு சேரக்கூடாது என்ற அந்தப் போதனை முதன்மையாக அரசனுக்குச் சொல்லப்பட்டது. ஆட்சியில் இருப்பவன் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான் என்பது நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்கிற கவலையில் எழுந்தது. நாமோ அரசனை அதிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அதிகாரத்துக்குச் சொல்லப்பட்டதை அதிகாரமற்றவன் தலையில் கட்டுவது நம் கல்வியின் பழைய வழக்கம்.

3

வளர்ப்பு என்கிற இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்கு முன் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரின் நேரக்கணக்கு தெரியாமல் வளர்ப்பைப் பற்றிப் பேச முடியாது.

ஆவடியில் டேங்க் ஃபேக்டரி 1961இல் வந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இந்தப் பகுதியின் இரண்டு தலைமுறை ஆண்கள் இந்த இரண்டையும் நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். பத்தாவது, ஐ.டி.ஐ., அப்ரெண்டிஸ், பிறகு எப்படியாவது ஒரு நிரந்தர வேலை என்று ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதையில் போகிற பையன் பதினாறு வயதில் பீடி குடித்தான், கட்டிங் போட்டான், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினான். "வேலைக்குப் போனா சரியாயிடும்" என்று வீடு காத்திருந்தது. பெரும்பாலும் சரியாகவும் போனது. அந்த அப்பாக்களின் வளர்ப்பு இன்றைய அப்பாக்களின் வளர்ப்பைவிடச் சிறந்தது என்பதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. அடித்தார்கள், பேசவே மாட்டார்கள், பிள்ளை எந்த வகுப்பு என்றே தெரியாத அப்பாக்கள் ஏராளம். பையனைக் கரையேற்றியது அவர்களுடைய வளர்ப்பல்ல. எதிரே காத்திருந்த சம்பளம்.

இப்போது? 2021 அக்டோபரில் டேங்க் ஃபேக்டரி அரசுத் துறை என்ற நிலையிலிருந்து அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் ஆள்பிடி. வண்டலூரிலிருந்து வருகிற வெளிவட்டச் சாலை 2014இல் நெமிலிச்சேரி வரை வந்து சேர்ந்தது. அதன் பிறகு மனை விலை எகிறியது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். இங்கிருந்து பார்த்தாலே தெரியும். அதற்குள் போய் வேலை பார்க்கப்போகிறவன் யார் என்பதும் இந்தப் பையன்களுக்குத் தெரியும். பால் வில்லிஸ் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்துப் பையன்களைப் பற்றி 1977இல் எழுதிய புத்தகத்தில், பள்ளியை எதிர்த்துக் கலாட்டா செய்கிற அந்தப் பையன்கள் அந்தக் கலாட்டாவின் வழியாகவே ஆலைத் தொழிலாளியாகத் தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்வதைக் காட்டினார். கலாட்டாவின் முடிவில் ஆலை இருந்தது. நம் பையன்களின் கலாட்டாவும் அதே கலாட்டாதான். ஆலையைத்தான் காணோம். வில்லிஸை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

அப்பா விடியற்காலை லோக்கலைப் பிடிக்கிறார். அம்மா அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேனில் போய், ஓவர்டைம் முடித்து ராத்திரி எட்டு மணிக்கு வருகிறார். பள்ளி நாலு, நாலரைக்கு விடுகிறது. இடையில் உள்ள அந்த மூன்றரை மணிநேரம் யாருடையது? மைதானம் என்று சொல்லப்பட்ட இடங்களில் மனைக்கல் நட்டாயிற்று. மிச்சம் இருப்பது ரயில் மேடை, சாலையின் பாலத்தடி, ஏரிக்கரை, பூட்டிக் கிடக்கிற புது வீடுகளின் மொட்டைமாடி. இந்த இடங்களில் பையன்கள் கூடுவதைத்தான் 'சேர்க்கை' என்கிறோம்.

4

நண்பர்கள் பற்றிய ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். (சமூகவியல் என்றாலே மேற்கத்தியச் சரக்கு என்று சொல்லும் தோழர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.)

குற்றமும் ஒரு தொழில் போல நெருங்கியவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுவது என்று சதர்லண்ட் முப்பதுகளின் கடைசியில் சொன்னார். நம் 'சேர்க்கை' வாக்கியத்தின் அறிவார்ந்த வடிவம் அது. ஹோவார்ட் பெக்கர் 1953இல் எழுதிய ஒரு கட்டுரை இதை மேலும் நுட்பமாக்கியது. முதல்முறை கஞ்சா இழுப்பவனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. எப்படி இழுப்பது, என்ன நடந்தால் அது போதை, அதை எப்படிச் சுகமாக உணர்வது என்பதை மற்றவர்கள் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. போதை என்பது பொருளுக்குள் மட்டும் இல்லை, கூட்டத்துக்குள்ளும் இருக்கிறது என்பது இதன் சாரம். 2005இல் கார்ட்னரும் ஸ்டீன்பெர்கும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் செய்த சோதனையில், கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் தனியாக ஆடியதைவிட மிகுதியாக ஆபத்தைத் தேடிப் போனார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. ஆக, நண்பர்கள் முன்னால் 'கெத்து' காட்டுவது என்று எங்கள் பையன்கள் சொல்வது ஆய்வகத்திலும் இருக்கிறது.

ஆனால் டெனிஸ் காண்டெல் 1978இல் நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்களின் நட்புகளை ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பார்த்து எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நண்பர்கள் ஒரே மாதிரி இருப்பதற்கு இரண்டு காரணம். சேர்ந்ததால் ஒன்றுபோல் ஆகிறார்கள். ஒன்றுபோல் இருப்பதால் சேர்கிறார்கள். இரண்டுக்கும் ஏறக்குறையச் சமமான பங்கு. நம் வாக்கியம் இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. பையன் தேர்ந்தெடுக்கிறான். ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பவன் அதே சுமையோடு இருக்கிற இன்னொருவனைக் கண்டுபிடிக்கிறான். வீட்டில் அடி வாங்குகிறவன், கணக்குப் பாடத்தில் எப்போதோ நின்றுபோனவன், காலை வழிபாட்டில் முடிவெட்டாததற்கு எல்லார் முன்னாலும் அவமானப்பட்டவன். இவர்கள் ஒருவரையொருவர் மோப்பம் பிடித்துச் சேர்கிறார்கள். அந்தச் சேர்க்கை நோயின் காரணமா, நோயாளிகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட வார்டா?

ஒரு விஷயம் மட்டும் எந்த விழிப்புணர்வுப் பேச்சிலும் வராது. மயங்கி விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போவதும் அந்தச் சேர்க்கைதான். வலிநிவாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் சென்னையைச் சுற்றிப் பரவிய இந்த ஆண்டுகளில், மூச்சு திணறியவனை ஆட்டோவில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனவன் பெரும்பாலும் கூட ஏற்றிக்கொண்டவன்தான். போலீசுக்குப் பயந்து வாசலில் இறக்கிவிட்டு ஓடியிருக்கலாம். ஆனாலும் கொண்டுவந்தான். "அவங்கூட சேராத" என்பது வெற்றிபெற்றால் முதலில் இல்லாமல் போவது அந்தக் கை.

நட்பின் வன்முறையை நான் மறைக்கவில்லை. இதே ரயில் தடத்தில் 'ரூட்டு தல' என்ற பெயரில் நடப்பது நமக்குத் தெரியும். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பேருந்துக்குள்ளேயே பட்டாக்கத்தி. 2024 அக்டோபரில் சென்ட்ரல் பக்கம் தாக்கப்பட்ட, திருத்தணிப் பகுதியைச் சேர்ந்த மாநிலக் கல்லூரி மாணவர் சில நாட்களில் இறந்தார். கைதானவர்களும் மாணவர்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். பஸ்ஸும் ரயிலும் தவிர வேறு எதுவும் தங்களுடையதாக இல்லாதவர்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்குமாக அடித்துக்கொள்கிறார்கள் என்று சொன்னால் அது நியாயப்படுத்தல் ஆகாது. செத்தவனுக்கு எந்த விளக்கமும் போதாது.

5

இனி வளர்ப்பு. பெற்றோருக்குச் சொல்லப்படும் ஒரே மருந்து கண்காணிப்பு. பையில் பார், போனில் பார், எங்கே போகிறான் பார். ஃபூக்கோவைப் படித்தவர்கள் நாம். ஆனால் அதற்காக எல்லாக் கண்காணிப்பும் அதிகாரம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனமில்லை. பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்காத வீடு நல்ல வீடல்ல.

இந்த இடத்தில் ஸ்டாட்டின், கெர் இருவரும் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் வைத்துச் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு உதவுகிறது. பிள்ளையின் நடமாட்டம் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகத் தவறு செய்கிறார்கள் என்பது அதற்கு முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று. இவர்கள் கேட்டது அடுத்த கேள்வி: பெற்றோருக்கு அது எப்படித் தெரிகிறது? துருவித் துருவிக் கேட்டதாலோ கட்டுப்பாடு விதித்ததாலோ பெரிதாகத் தெரிவதில்லை. பிள்ளை தானாக வந்து சொல்வதால்தான் தெரிகிறது. கண்காணிப்பு என்று நாம் பெயர் வைத்திருந்தது உண்மையில் பேச்சுவார்த்தை. பையைச் சோதித்துக் கண்டுபிடிப்பவரைவிட, பையன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்பவருக்கே அதிகம் தெரிகிறது.

பையன் எப்போது சொல்வான்? சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் இல்லாதபோது. இங்கே சொன்னால் என்ன ஆகும்? அடி விழும். அம்மா தூக்கில் தொங்குவேன் என்பாள். பள்ளிக்குத் தெரிந்தால் டி.சி. போலீசுக்குத் தெரிந்தால் வழக்கு. எந்தப் புத்தியுள்ள பையன் வாயைத் திறப்பான்? ராத்திரி எட்டு மணிக்கு ஓவர்டைம் முடித்து வருகிற அம்மாவுக்கு, பிள்ளை மெதுவாகப் பேச்சை ஆரம்பிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க நேரம் எங்கே இருக்கிறது? வளர்ப்பு என்பதில் ஒரு பெரும்பகுதி நேரம். நேரத்தை விற்றுத்தான் அந்த வீடு அரிசி வாங்குகிறது.

'தாயைப் போல பிள்ளை' என்று ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு நாம் அப்பாவை லாவகமாகத் தப்பவைத்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். வளர்ப்பு சரியில்லை என்றால் அம்மா சரியில்லை என்று பொருள். அப்பா இரவு பத்து மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பிள்ளை பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பது வளர்ப்பில் சேராது. எங்கள் பக்கம் ஒரு கடையில், அப்பாவுக்குத் தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் வாங்க வந்து நிற்கிற ஆறாவது வகுப்புப் பையனைப் பார்த்திருக்கிறேன். பெக்கர் சொன்ன அந்தக் கற்றல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு முதல் கெட்ட சேர்க்கை யார் என்று கேட்டால் சங்கடமான பதில் வரும்.

சென்னையில் 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். அங்கே சிகிச்சை குடும்பத்துக்கும் சேர்த்துத் தரப்பட்டது. குடும்பமும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்ற அடிப்படையில். நாம் குடும்பத்தைக் கூப்பிடுவது குற்றவாளியாக. அவர் கூப்பிட்டது நோயாளியோடு சேர்ந்து நோவுற்றவர்களாக. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் இந்த வேறுபாடு நம் காவல்நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் போய்ச் சேரவில்லை.

6

இரண்டு வாக்கியங்களும் சேர்ந்து பொறுப்பை வீட்டுக்கும் தெருவுக்குமாகப் பங்கு போட்டுவிடுகின்றன. பங்கு கேட்காமல் ஒதுங்கி நிற்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் 1983இல் டாஸ்மாக்கை மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கினார். 2003 நவம்பரிலிருந்து சில்லறை வியாபாரத்தையும் தானே எடுத்துக்கொண்டார். 2024-25இல் அதிலிருந்து வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதே அரசின் முதல்வர் 2022 ஆகஸ்டில் போதைப்பொருளுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கிவைக்க, மாநிலம் முழுக்க மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். இதைக் கபடம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். அதைவிட முக்கியம், இந்த இரண்டும் எப்படி ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே வாயில் இருக்க முடிகிறது என்பது. அப்பா குடிப்பது 'வருவாய்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. பிள்ளை இழுப்பது 'சமூகத் தீமை' என்ற தலைப்பின் கீழ். தலைப்புகள் வேறானதால் இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறது என்பது தெரியாமல் போகிறது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காகச் செய்து 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துபவர்கள். கஞ்சா, பாங்கு வகைகள் எல்லாம் சேர்த்து 2.8 சதவீதம். நம் பேச்சில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. இன்னொன்றும் அதில் உண்டு. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருக்கிற ஒரே வகை, முகர்ந்து ஏற்றிக்கொள்பவை. பஞ்சர் சொல்யூஷன், வொய்ட்னர், தின்னர். இவற்றுக்காக உதவி தேவைப்படுகிற பிள்ளைகள் நாட்டில் 4.6 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். சைக்கிள் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பொருள் அது. 2021 டிசம்பரிலிருந்து 'கஞ்சா வேட்டை' என்று பெயர் வைத்துப் பல சுற்று நடத்தினார்கள். சொல்யூஷன் வேட்டை என்று ஒன்று கிடையாது. 'கைதி' (2019), 'விக்ரம்' (2022) என்று நம் சினிமாவும் போதையை டன் கணக்கில், கண்டெய்னர் கணக்கில்தான் யோசிக்கிறது. வில்லன் வேண்டும் அல்லவா? கைக்குட்டையில் சொல்யூஷனைப் பிழிந்து மூக்கில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தோரம் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வில்லனே கிடையாது.

பள்ளிப் பைகளில் கிடைக்கிற 'கூல் லிப்' புகையிலைப் பொட்டலத்தைப் பற்றி 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்ட கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் தடை, பக்கத்து மாநிலத்தில் தயாரிப்பு. பிறகு அது எப்படி வராமல் இருக்கும்? அந்தக் கேள்வி பெற்றோரைப் பார்த்துக் கேட்கப்படவில்லை, தயாரிப்பவர்களைப் பார்த்தும் அரசுகளைப் பார்த்தும் கேட்கப்பட்டது. அதனாலேயே அதற்கு நம் விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளில் இடமில்லை.

சட்டத்தைப் பாருங்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளாகிற அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விடுபடலாம். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு பிள்ளைக்கு மதுவோ போதையோ புகையிலையோ கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. பிள்ளையைக் கடத்தலுக்கும் விற்பனைக்கும் பயன்படுத்துபவருக்கு 78. அதாவது சட்டத்தின் எழுத்துக்கூட, பதினைந்து வயதுக்காரனை முதலில் பாதிக்கப்பட்டவனாகப் பார்க்கத் தயாராக இருக்கிறது. நடப்பில் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற அம்மாவிடம் இந்தப் பிரிவுகளை யார் சொல்கிறார்கள்? அவருக்குச் சொல்லப்படுவது, "புள்ளய ஒழுங்கா வளக்கத் தெரியாதா?"

அங்கே அவர் தரக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். "சேர்க்கை சரியில்லைங்க ஐயா." அந்த வாக்கியத்தின் பிறப்பிடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது ஒரு கருத்தல்ல, மனு. அதிகாரத்தின் முன்னால் தலைகுனிந்து நிற்பவருக்கு வேறு யாரையும் குற்றம்சாட்டுகிற உரிமை இல்லை. தன் பிள்ளையைப்போலவே எளிய இன்னொரு பிள்ளையைக் காட்டிவிட்டுத் தப்புகிற உரிமை மட்டும் வழங்கப்பட்டிருக்கிறது.

இதே பெண்கள் வேறொரு இடத்தில் நின்றபோது என்ன பேசினார்கள்? நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல, 2017 ஏப்ரலில் கடைகளைக் குடியிருப்புத் தெருக்களுக்குள் நகர்த்தினார்கள். அப்போது தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அதற்கு முன் 2015 ஜூலையில் குமரி மாவட்டத்தில் ஒரு கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அந்தச் சாலை மறியல்களில் சேர்க்கை, வளர்ப்பு என்ற சொற்கள் கேட்கவில்லை. "கடைய மூடு" என்பதுதான் கேட்டது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் தெளிவாக உள்ள வாக்கியம். அறியாமையால் அவர்கள் சேர்க்கையைப் பழிக்கிறார்கள் என்று சொல்லும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனியாக நிற்கும்போது மனு, சேர்ந்து நிற்கும்போது கோரிக்கை. அங்கேயும் ஒரு சேர்க்கைதானே வேலை செய்தது?

(மதுவிலக்கு வந்தால் எல்லாம் தீரும் என்று நான் நம்பவில்லை. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியதிலிருந்து கள்ளச்சாராயச் சாவுகள் வரை அந்த வரலாறு நீளமானது. தனியாக எழுத வேண்டியது.)

7

எழுதுகிறவர்களாகிய நம்மிடமும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கலகம், அத்துமீறல் என்ற சொற்கள் சிறுபத்திரிகைகளில் புழங்கத் தொடங்கிய காலத்திலிருந்து போதைக்கு ஒரு ஒளிவட்டம் கட்டுகிற எழுத்து நம்மிடையே இருந்துவருகிறது. ஜி. நாகராஜனின் எழுத்தைவிட அவருடைய அழிவைக் கொண்டாடியவர்கள் எத்தனை பேர்! கஞ்சா நடுத்தர வர்க்கத்து எழுத்தாளன் கையில் இருந்தால் கலகம், பட்டாபிராம் தண்டவாளத்தோரத்துப் பையன் கையில் இருந்தால் 'சமூகவியல் பிரச்சினை' என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. எழுத்தாளனுக்கு விழுந்தால் தாங்கப் பத்துப் பேர் உண்டு. பையனுக்கு உண்டா?

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பள்ளிக்கூடம் நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவு எட்டாவது முடிகிறவரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆகவே ஒன்பதாவது வரை பொறுத்திருந்து டி.சி.யை நீட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) நான் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த ஒரு பையனை அப்படித்தான் அனுப்பினார்கள். மற்ற பிள்ளைகளின் நலனுக்காக என்று காரணம். அவன் பையில் இருந்தது ஒரு பொட்டலம் புகையிலை. டி.சி. வாங்கிய மறுநாளிலிருந்து, காலை ஒன்பது மணிக்கு அவனோடு சேர்வதற்கு யார் இருந்தார்கள்? ஏற்கெனவே வெளியே வந்தவர்கள் மட்டும். கெட்ட சேர்க்கை என்று எதைச் சொல்கிறார்களோ அதைப் பள்ளி தன் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தயாரித்து வெளியே அனுப்புகிறது.

அப்படி வெளியே தள்ளப்பட்டவர்களை மட்டும் திரட்டி ஒரு இடத்தில் உட்காரவைத்துப் புத்தி சொன்னால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கி, ஐந்நூறுக்கு மேற்பட்ட பையன்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், டியூஷன், கோடை முகாம் என்று பல வருடம் கவனிப்பு அளித்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் தேடிப்போய்ப் பார்த்து 1978இல் எழுதியபோது, கவனிக்கப்பட்டவர்கள் கவனிக்கப்படாதவர்களைவிடப் பல வகையில் மோசமாக இருந்தார்கள். கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போனவர்கள்தாம் எல்லோரிலும் மோசம் என்பது தொண்ணூறுகளின் கடைசியில் டிஷனோடு சேர்ந்து அவர் செய்த மறுபரிசீலனையில் தெரிந்தது. கலகக்காரர்களை மட்டும் ஒன்றாக வைத்தால் ஒருவன் அளக்கிற கதைக்கு இன்னொருவன் சிரிப்பதே பயிற்சியாகிவிடுகிறது. ஆக, நண்பர்களின் பாதிப்பு உண்மை. அது உண்மை என்பதாலேயே, 'கெட்டவர்களை'த் தனியே பிரிப்பதும் தனியே திரட்டுவதும் ஆபத்து.

இப்பகுதியில் சில நண்பர்கள் மாலை நாலரையிலிருந்து எட்டு வரை ஒரு கொட்டகையைத் திறந்துவைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். படிக்கிறவன், படிக்காதவன், டி.சி. வாங்கியவன், எல்லாத் தெருவும். யார் பையையும் சோதிப்பதில்லை என்பது ஒரு நிபந்தனை. உள்ளே வைத்து எதுவும் போடக்கூடாது என்பது இன்னொன்று. இடத்துக்காகக் கேட்டுப் போனபோது ஒரு வீட்டுக்காரர் தருவதாகச் சொன்னார். எல்லாத் தெருப் பசங்களும் வருவாங்களா என்று விசாரித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கேரம் போர்டு வாங்கிப்போட்டால் போதை ஒழிந்துவிடுமா தோழர் என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். ஒழியாது. மூன்றரை மணிநேரம் ஒரு கூரை இருக்கும். அந்த வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிற பழைய ரேஷன் கடையைக் கேட்கலாமா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேச இருக்கிறோம்.